கொம்பியூட்டர் விளையாட்டுக்கு விசா எதற்கு?

முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 2025 யூன் 7

"நான் வலோரன்ட் என்ற சுடுகிற விளையாட்டை விளையாடுகிறேன். கிரிக்கெட் மாதிரி மைதானத்துக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலிருந்தே விளையாடலாம். அப்படியென்றால் எந்த நாட்டு அணியிலும் சேரலாம்தானே? கொம்பியூட்டர் விளையாட்டுக்கு விசா எதற்கு? வன்னிப் பெடியள் ஒருவரையும் வெளிநாட்டு அணிகளில் காணவில்லை. எங்களுக்குத் திறமை காணாது போல."

2025 யூன் 7, இரவு

கடைசி வரி பிழை. அதை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன், மிச்சம் நாளைக்கு.

லாகூர்க்காரர் அர்சலான் ஆஷ் 2019 பெப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ போட்டியில் டெக்கன் 7 என்ற சண்டை விளையாட்டில் வென்றார். அதுவரை வெளியுலகில் அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. வென்ற பிறகு, தன்னைப் போல விளையாடக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்று சொன்னார். 2023 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப் போட்டியை வென்ற ஆதிஃப் பட்டும் பாகிஸ்தான்காரர்தான். ஆட்கள் முன்பே இருந்தார்கள். வெளியே வர வழிதான் இருக்கவில்லை.

டோட்டா என்ற ஐந்து பேர் அணி விளையாட்டில் சுமைல் ஹசனைப் பார். ஈவில் ஜீனியசஸ் என்ற அமெரிக்க அணி அவரைக் கராச்சியிலிருந்து கூப்பிட்டு எடுத்தது. 2015 ஓகஸ்டில் அந்த அணி டோட்டாவின் உலகக் கிண்ணமான தி இன்டர்நஷனல் வென்றபோது அவருக்கு வயது 16. எங்கள் பக்கத்துப் பெடியன் மாதிரித்தான்.

2025 யூன் 8

வீட்டிலிருந்து விளையாடலாம் என்பது பாதி உண்மை. தகுதிச் சுற்றுகள் வீட்டிலிருந்து நடக்கும். பெரிய போட்டிகள் மேடையில் நடக்கும். இரண்டு அணியும் ஒரே கட்டடத்தில், ஒரே இணைய வேகத்தில் இருக்க வேண்டும். லீக்கில் இருக்கிற அணிகள் மாதக்கணக்கில் ஒரே நகரத்தில் தங்கும். பல அணிகளில் ஐந்து பேரும் ஒரே வீடு, ஒரே சமையல். அந்த வீட்டுக்குப் போகத்தான் விசா.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017-ல் எனக்கு 23 வயது, டோட்டா 2. கிளிநொச்சியில் ஒரு அண்ணா நடத்திய கொமினிகேசன் கடையில் மூன்று கொம்பியூட்டர் இருந்தது. கடை பூட்டிய பிறகு அதில்தான் பழகினேன். மலேசியாவில் ஒரு சின்ன அணி (பெயர் வேண்டாம்) சிங்கப்பூர் சேவரில் மூன்று இரவு என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னது. "30 நாள் சுற்றுலா விசாவில் வா, வந்த பிறகு மாற்றலாம்" என்றார்கள். அம்மா காப்பை அடகு வைத்தா. கோலாலம்பூரில் குடிவரவு மேசையில் இருந்தவர் எதற்கு வந்தாய் என்று கேட்டார். சுற்றிப் பார்க்க என்று சொன்னேன். அந்தப் பொய் 26 நாளும் வயிற்றில் கிடந்தது.

வந்த பிறகு எதையும் மாற்ற முடியவில்லை. அங்கே இப்படியான வேலைக்குத் தனி அனுமதி இருக்கிறது, ஆனால் ஆள் வருவதற்கு முன்பே அணிதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அணியில் ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை. நாங்கள் தயாராகிக்கொண்டிருந்த போட்டியின் ஏற்பாட்டாளர்கள் அனுமதியைக் காட்டச் சொன்னார்கள். என் இடத்தில் வேறொருவர் விளையாடினார். நான் அறையிலிருந்து பார்த்தேன்.

திரும்பி வந்தபோது ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளிநாடு போய்த் திரும்பி வருகிறவர்களை வன்னி நிறையக் கண்டிருக்கிறது.

2025 யூன் 8, பின்னேரம்

மேலே எழுதியதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் சுற்றுலா விசாவில் போவது எல்லாரும் செய்கிறதுதானே என்று ஒரு தம்பி கேட்கிறான். செய்கிறார்கள். செய்யாதே. பிடிபட்டால் அடுத்த விண்ணப்பங்களில் எல்லாம் அதை எழுத வேண்டிவரும். எங்கள் கடவுச்சீட்டில் ஒரு பிழைக்குக்கூட இடமில்லை.

2025 யூன் 11

எங்கள் கடவுச்சீட்டு என்று எழுதிவிட்டேன். அது எங்கள் கடவுச்சீட்டின் குறை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

லெஃபென் சுவீடன்காரர், சூப்பர் ஸ்மாஷ் மெலீ என்ற சண்டை விளையாட்டின் வீரர். 2015-ல் அமெரிக்காவுக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அனுசரணையோடு விளையாட வருகிறவர் வேலை விசாவில் வர வேண்டும் என்பதுதான் விசயம். பிறகு விளையாட்டு வீரர் விசா கேட்டபோது, அந்த விளையாட்டை விளையாட்டாகவே ஏற்கவில்லை. 2016-ல் வெள்ளை மாளிகைக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்தோடு மனுப்போட்டார்கள். அதன் பிறகுதான் கிடைத்தது. சுவீடன் கடவுச்சீட்டுக்கு அந்த நிலை.

அந்த விசாவின் பெயர் பி-1ஏ (P-1A). கூடைப்பந்து, பேஸ்போல் வீரர்களுக்குக் கொடுப்பது. 2013-ல் ஷிஃப்டர் என்ற கனடா வீரருக்கு லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் விளையாடுவதற்காக அதைக் கொடுத்தார்கள். ஈ-ஸ்போர்ட்ஸ் (போட்டியாக ஆடும் கொம்பியூட்டர் விளையாட்டு) வீரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. விளையாட்டை நடத்துகிற நிறுவனமே அரசோடு கதைத்து எடுத்துக் கொடுத்தது. அதாவது, கதைக்க ஒரு ஆள் இருந்தது.

2021-ல் தி இன்டர்நஷனல் சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் நடக்கவிருந்தது. பரிசு 4 கோடி டொலர். அந்த நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் ஈ-ஸ்போர்ட்ஸைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அதனால் வீரர்களுக்கு விசா எடுப்பது சிக்கலாகி, முழுப் போட்டியையும் ருமேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய பணமே விசா மேசையில் நின்றுவிட்டது. ஜேர்மனி 2020-ல் ஈ-ஸ்போர்ட்ஸ் வீரர்களுக்கென்றே தனி விசா வழியைத் திறந்தது. எல்லா நாடும் அப்படிச் செய்தால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

2025 யூன் 12

திருத்தம். சுமைல் பற்றி 7ஆம் திகதி நான் எழுதியது பிழை. அணி அவரைக் கராச்சியிலிருந்து எடுக்கவில்லை. அவருடைய குடும்பமே 2014-ல் அமெரிக்காவின் இலினோய்க்குக் குடிபெயர்ந்தது. அங்கே வந்த பிறகுதான், 2015 தொடக்கத்தில், அணியில் சேர்ந்தார்.

சின்னத் திருத்தம் இல்லை இது. அதே பெடியன், அதே கை. குடும்பத்துக்கு விசா கிடைத்திருக்காவிட்டால் 16 வயதில் அந்த மேடையில் நின்றிருக்க முடியுமா? திறமை மட்டும் போதும் என்பதற்கு நான் கொடுத்த உதாரணமே மற்றப் பக்கம் பேசுகிறது. நேற்று இரவு முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2025 யூன் 15

சரி, தாள்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இது.

இப்போது அணிகள் தேடுகிற வயது 16, 17, 18. அந்த வயதில் இருக்கிற வன்னிப் பிள்ளைகள் 2007-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்கள். எங்கே பிறந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் மருமகன், அக்காவின் மகன், 2009 பெப்ரவரியில் மாத்தளனில் பிறந்தான். ஆஸ்பத்திரியே இடம்பெயர்ந்துகொண்டிருந்த நேரம். யார் பதிவது, எங்கே பதிவது? செட்டிகுளம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து ஊருக்குத் திரும்பி, அதற்குப் பிறகுதான் பதிவு. மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு: விதானையின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகம். அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயருக்குள் ஒரு எச் கூடிவிட்டது, அடையாள அட்டையில் அந்த எச் இல்லை.

வெளிநாட்டு விசா அலுவலருக்கு இதெல்லாம் ஒரே அர்த்தம்: இந்த ஆள் யார் என்று தெரியவில்லை.

முள்ளியவளைத் தம்பி, உனக்குச் சொல்கிறேன். அணி கூப்பிடும்வரை காத்திராதே. கூப்பிட்டால் மூன்று கிழமை தருவார்கள், நான்கு கிழமை தருவார்கள். ஒரு எச்சை எடுக்க எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்து. பிறகு வவுனியா அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்குப் போடு. போன வருடம் கடவுச்சீட்டுப் புத்தகமே தட்டுப்பாடாகி ஆட்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை மறந்துவிடாதே. விளையாட்டுக்குள் ராங்க் ஏறுவதைவிட இது முக்கியம் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

2025 யூன் 15, சற்றுப் பிறகு

குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒன்றில் அப்பா பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்தால் இரண்டு ஆளாகிவிடுவீர்கள்.

2025 யூன் 29

மன்னாரில் இருக்கிற ஒரு அண்ணா எழுதியிருக்கிறார், தாளைவிட மொழிதான் பெரிய சிக்கல் என்று. ஒரு பகுதி ஒத்துக்கொள்கிறேன்.

2018-ல் ஓவர்வோட்ச் என்ற சுடுகிற விளையாட்டின் லீக்கில், முதல் பருவத்தில், ஷங்காய் ட்ராகன்ஸ் 40 ஆட்டம் ஆடி 40-உம் தோற்றது. பருவத்தின் நடுவில் சீன வீரர்களோடு கொரிய வீரர்களைச் சேர்த்தார்கள். அந்த லீக்கின் முதல் பெண் வீரர் கெகூரியும் அப்போது வந்தவர்தான். பெப்ரவரியில் அறிவித்தும் விசா அலைச்சலில் ஏப்ரலில்தான் மேடையேறினார். ஒரே ஹெட்செட்டுக்குள் இரண்டு மொழி. அதே பருவத்தில் கிண்ணத்தை எடுத்த லண்டன் ஸ்பிட்ஃபயரின் பெயர்தான் லண்டன், வீரர்கள் எல்லாரும் கொரியர். 2021-ல் ஷங்காயும் கொரிய வீரர்களோடு கிண்ணத்தை எடுத்தது.

மற்றப் பக்கம்: 2017-ல் தி இன்டர்நஷனல் வென்ற டீம் லிக்விட்டில் ஒருவர் ஜோர்தான், ஒருவர் லெபனான், ஒருவர் பல்கேரியா, ஒருவர் பின்லாந்து, தலைவர் ஜேர்மனி. எல்லாரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். ஒருவருக்கும் அது தாய்மொழி இல்லை. பெரிய ஆங்கிலம் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விளையாட்டுக்குள் தேவைப்படுவது இருநூறு சொல். ஆனால் அது யோசிக்காமல் வர வேண்டும். மருமகன் கூட்டாளிகளோடு விளையாடும்போது கேட்டிருக்கிறேன்: "பின்னால ரெண்டு பேர், ஒராள் சாகப்போறான்." ஒரு மூச்சில் வரும். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ஒரு கணம் நிற்பான். அந்தக் கணத்தில் சுட்டுவிடுவார்கள்.

2025 யூலை 2

மூன்று நாளாக மேலே எழுதியது எனக்கே சரியாகப் படவில்லை. மொழி இல்லை அது. மரியாதை.

கோலாலம்பூர் வீட்டில் எங்கள் கப்டன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பயிற்சி ஆட்டங்களில் அவர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப விட்டார்: 25ஆம் நிமிடம் தாண்டியதும் எதிரணி எங்கே என்று பார்க்காமல் ரோஷான் என்ற பெரிய அரக்கன் இருக்கிற குகைக்குள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அது தெரிந்தது. சொல்ல ஆங்கிலமும் இருந்தது, "வேண்டாம், திரும்பு" என்று சொல்ல நாலு சொல் போதும். வாய் திறக்கவில்லை. மூத்தவருக்கு எப்படிப் பிழை என்று சொல்வது? எங்கள் வீட்டில் அண்ணாவின் தட்டில் உப்புக் கூட என்றால்கூட நேராகச் சொல்லமாட்டோம். கப்டன் நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தார். பயிற்சியாளர் எனக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று நினைத்தார். நான் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் எழுத்தில் கொடுத்த கடைசிக் கருத்தில் இருந்தது ஒரே வரி: கதைப்பதில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மருமகனை இப்போது அதில்தான் பழக்குகிறேன். என்னோடு விளையாடும்போது நான் வேண்டுமென்றே பிழையாக அழைப்பேன், அவன் "மாமா, பிழை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் கிழமை முழுக்க "மாமா... ஒருக்கா பாருங்கோவன்" என்றுதான் வந்தது.

2025 யூலை 3

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு, அப்போ மரியாதை கெட்டவனாகப் பிள்ளையை வளர்க்கிறீர்களா என்று ஒரு ஐயா கேட்கிறார். இல்லை ஐயா. ஹெட்செட் போட்டிருக்கும்போது மட்டும். கழற்றினால் அவன் உங்கள் பேரன்தான்.

2025 யூலை 19

ஒப்பந்தம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் வெளிநாட்டு வேலை என்ற சொல்லுக்குப் பின்னால் ஏஜென்சிக்காரன் நிற்கிறான், வள்ளம் நிற்கிறது. அண்மையில் மியன்மாரின் மியாவாடிப் பக்கம் கணினி வேலை என்று கூட்டிப்போய், இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைத்திருந்த இலங்கைப் பிள்ளைகளின் கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் டிஸ்கோட் என்ற அரட்டைச் செயலியில் ஒருவன் "தாய்லாந்து வா, சம்பளம் தருகிறோம்" என்று எழுதினால் அம்மாமார் பயப்படுவது நியாயம். பயப்பட வேண்டும். அந்த அணி எந்த லீக்கில் பதிவாகியிருக்கிறது, லீக்கின் பக்கத்தில் அதன் வீரர் பட்டியல் இருக்கிறதா, அதே அணியில் முன்பு இருந்த வீரர் என்ன சொல்கிறார் என்று பார்க்காமல் கடவுச்சீட்டின் படத்தைக்கூட அனுப்பக்கூடாது. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்கிற இடத்துக்குப் போகவே கூடாது.

பெரிய அணிகளிலும் நடக்கும். 2019-ல் கொரியாவில் கிரிஃபின் அணியின் கனாவி என்ற சின்னப் பெடியனைச் சீனாவின் ஜேடிஜி அணிக்குக் கடனாகக் கொடுத்து, பல வருட ஒப்பந்தத்துக்கு நெருக்கினார்கள் என்று விசயம் வெளியில் வந்தது. கையெழுத்துக் கேட்ட நேரத்தில் அவன் வயது வராதவன். அந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர் வாய் திறந்ததால்தான் வெளியில் வந்தது. கொரிய நாடாளுமன்றம் வரைக்கும் போனது. அவன் பிறகு தன் விருப்பத்தில் ஜேடிஜியிலேயே இருந்து 2023-ல் அவர்களோடு சர்வதேசக் கிண்ணம் வென்றான். பிரான்ஸ் 2016-லேயே ஈ-ஸ்போர்ட்ஸ் வீரர்களின் ஒப்பந்தத்துக்குச் சட்டம் போட்டது. எழுத்தில் இல்லாத வாக்கு வாக்கே இல்லை. எனக்கு மலேசியாவில் சொன்ன சம்பளமும் எழுத்தில் இருக்கவில்லை.

பணம் வருகிற வழியையும் கேளுங்கள். இலங்கையில் பேபாலால் பணம் அனுப்பலாம், வாங்க முடியாது. வெற்றிப் பணம் அதிலேயே தொங்கிக்கொண்டு நின்ற பெடியள் எனக்குத் தெரியும்.

2025 ஓகஸ்ட் 3

பிங், அதாவது நான் அழுத்துவது சேவருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம். வீட்டில் எனக்கு 70, 80 மில்லிசெக்கன். கோலாலம்பூரில் 8. எல்லாரும் வேகம் கூடினால் நல்லது என்று நினைப்பார்கள். எனக்குக் கை முந்திக்கொண்டது. வருடக்கணக்காகப் பின்னடைவைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே அழுத்திப் பழகின கை அது, ஒவ்வொரு அடியும் ஒரு கணம் முன்னால் போய் விழுந்தது. சரிவர இரண்டு கிழமை பிடித்தது. அந்த இரண்டு கிழமையில்தான் அவர்கள் என்னை மதிப்பிட்டார்கள்.

2025 ஓகஸ்ட் 4

"இந்தியா பக்கத்தில்தானே" என்று கேட்டவருக்கு: பப்ஜி மொபைலை இந்தியா 2020 செப்டெம்பரில் தடை செய்தது, 2021 யூலையில் தங்கள் நாட்டுக்கென்று தனிப் பதிப்பு வந்தது. எங்கள் பெடியள் விளையாடுவது வேறு, அவர்கள் விளையாடுவது வேறு ஆகிவிட்டது. வலோரன்டில் நிலைமை நல்லது, தென்னாசியா என்று ஒரே வட்டத்துக்குள் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள். விசாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே துணைத்தூதரகம் இருக்கிறது. தமிழில் கதைக்கிற ஒரு அணி சென்னையில் கிடைத்தால் நான் மருமகனை முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

வெளிப் பிராந்திய வீரர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு. 2014-ல் லீக் ஒஃப் லெஜன்ட்ஸில் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மேல் வெளியார் இருக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். அந்த இரண்டு இடத்துக்கு ஒரு அணி உலகக் கிண்ணம் எடுத்த கொரியனைப் பார்க்குமா, கிளிநொச்சிப் பெடியனைப் பார்க்குமா? உள்ளூர்க்காரனைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருப்பது போதாது, மிகவும் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

ஆனால் கிண்ணம் எடுத்தவர்களுக்கும் அது லேசாக இருக்கவில்லை. 2013-ல் ஒன்றாக உலகக் கிண்ணம் எடுத்த கொரியர்கள் பிக்லெட்டும் இம்பாக்டும் 2015-ல் அமெரிக்க அணிகளுக்குப் போனார்கள். பிக்லெட்டை முதல் பருவத்திலேயே கொஞ்சக் காலம் வெளியில் உட்கார வைத்தார்கள். இம்பாக்ட் பத்து வருடமாக அங்கேயே நிற்கிறார். ஒரே அணியிலிருந்து, ஒரே மொழியோடு போன இரண்டு பேர். இதற்கு நான் விளக்கம் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

2025 ஓகஸ்ட் 24

மருமகனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பாங்கொக்கில் ஒரு அணியின் இளையோர் பிரிவு. லீக் பட்டியலில் பார்த்தேன், இருக்கிறார்கள். முன்பு அங்கே விளையாடிய இரண்டு பேரோடு கதைத்தேன். ஒப்பந்தம் எழுத்தில் அனுப்பினார்கள்.

தாள்கள் எல்லாம் தயார், எச் போய்விட்டது, கடவுச்சீட்டு கையில். இனி ஒன்றும் மறிக்காது என்று நினைத்தேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் தாய், தந்தை இருவரின் ஒப்பமும் வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்.

அத்தானை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை.

2025 செப்டெம்பர் 6

யூன் 15-ல் வவுனியா அலுவலகம் என்று எழுதியிருந்தேன். இந்த மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். கிளிநொச்சிக்காரருக்கு இனி இரண்டு பக்கமும் போகலாம்.

மற்ற விசயம் கேட்பவர்களுக்கு: இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

2025 செப்டெம்பர் 28

தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, இங்கேயே எழுதுகிறேன்.

இறப்புச் சான்றிதழ் எடுத்தால் இரண்டு கிழமையில் முடிந்துவிடும் என்று நல்ல மனதோடுதான் பலர் சொல்கிறீர்கள். அக்கா எடுக்கமாட்டா. 2017 பெப்ரவரி 20-ல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமற்போனவர்களைத் தேடுகிற அம்மாமார் பந்தல் போட்டு இருந்த நாளிலிருந்து அவ அங்கே போய் வருகிறா. இறந்தார் என்று தன் கையால் எழுதிக் கொடுப்பதும், விளையாட்டுக்காக அதைச் செய்வதும். நான் அதைக் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை.

இன்னொரு வழி இருக்கிறது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்கிற ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதையும் எடுப்பதா விடுவதா என்று அம்மாமாருக்குள் இரண்டு மனம். அக்காவும் இத்தனை வருடமாக எடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை இரவு அணியின் முகாமையாளர் பெடியனோடு கதைக்க அழைத்தார். ஹெட்செட் வயர் பழுது, ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அவர் கடவுச்சீட்டைப் பார்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதாவது அத்தானின் பெயரை. இரண்டு தரம். குசினிக்குள் இருந்த அக்கா ஓடி வந்து வாசலில் நின்றா. நானும் பெடியனும் திரும்பிப் பார்த்தோம். அவ ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவரை இன்னொருக்கா சொல்லச் சொல்லு என்றா.

அடுத்த நாள் காலை, அந்தக் காணாமற்போன சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டா.

2025 ஒக்டோபர் 5

அணிக்கு நான் எழுதிய கடிதம் மூன்று பக்கம் வந்தது. இப்படி ஒரு சான்றிதழ் உலகத்தில் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. 2009-ல் என்ன நடந்தது என்று பாங்கொக்கில் இருக்கிற ஒரு விளையாட்டு முகாமையாளருக்கு எழுதுவது எப்படி என்று இரண்டு இரவு இருந்தேன். கடைசியில் திகதியையும் இடத்தையும் மட்டும் எழுதினேன்.

யூன் மாதம் எச்சை எடுக்க ஐந்து மாதம் என்று எழுதியபோது அதுதான் பெரிய மலை என்று நம்பினேன்.

2025 ஒக்டோபர் 26

பதில் வந்தது. சான்றிதழ் கைக்கு வந்ததும் மொழிபெயர்த்து அனுப்பினால், அக்காவின் ஒப்பத்தோடு இளையோர் அணியில் சேர்ப்பார்கள். வீட்டிலிருந்து விளையாடலாம். பயணம் 18 வயது முடிந்த பிறகு, 2027 பெப்ரவரிக்குப் பிறகு. அதுவரை மாதம் ஒரு தொகை, கொழும்பு வங்கிக் கணக்குக்கு நேரே. முள்ளியவளைத் தம்பி, நீ கேட்டது போல வீட்டிலிருந்தே விளையாடும் ஒரு ஏற்பாடுதான் இப்போதைக்குக் கிடைத்திருக்கிறது. கரண்ட் போனால் தாங்க இரண்டாவது பற்றரி வாங்கப் போகிறேன்.

நேற்று இரவு அவர்களோடு முதல் பயிற்சி ஆட்டம். கப்டனுக்கு வயது 22. மூன்றாவது சுற்றில் அவர் நடுவால் போகச் சொன்னார், மருமகன் சத்தமாக ஆங்கிலத்தில் "பிழை, பிழை, திரும்பு" என்றான். நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து அக்கா, "இந்த நேரத்தில யாரோடையடா சண்டை?" என்று கேட்டா.

ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தூக்கி, "கப்டனோட, அம்மா" என்றான்.